பதிவேட்டில் இல்லாத வேட்டை நாய்

1671ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு வேட்டைச் சட்டம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் இல்லாதவர் வேட்டையாடக் கூடாது, வேட்டைச் சாமான்களை வைத்திருக்கவும் கூடாது என்றது அது. எவையெல்லாம் வேட்டைச் சாமான் என்பதற்குச் சட்டமே ஒரு பட்டியல் போட்டது. துப்பாக்கி, வில், வலை என்று போகும் அந்தப் பட்டியலில் கிரேஹவுண்ட் நாயின் பெயரும் இருந்தது, லர்ச்சர் என்ற நாயின் பெயரும் இருந்தது. 1831இல் வந்த புதிய சட்டம் அந்த நிலத் தகுதியை நீக்கியது. லர்ச்சர் மட்டும் இன்றுவரை பிரிட்டன் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அந்நாட்டுக் கென்னல் கிளப்பின் இனப் பட்டியலில் அதற்கு இடமில்லை. காரணம் எளியது. லர்ச்சர் ஓர் இனமே அல்ல; வேலைக்காகத் தெரிந்தே செய்யப்படும் கலப்பு. இத்தனை உயரம், இந்த நிறம், காது இப்படி மடிய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்காத ஒரு நாய் எப்படி 350 ஆண்டுகள் தன் குணம் மாறாமல் நிலைத்தது? நாயிடம் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக என்ன வேலை கேட்டார்களோ அதுவே அந்த நாயைக் காப்பாற்றியது என்பது என் பதில். கேட்கும் வேலை கெட்டால் நாயும் அதன் வாழ்க்கையும் கெடும் என்பதற்கும் லர்ச்சரே சாட்சி. அதிலும் சலூக்கி கலந்த லர்ச்சரின் கதையில் இந்த இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிகின்றன.

வேட்டை நாய்களில் மோப்பம் பிடித்துப் போகிறவை ஒரு வகை, கண்ணால் பார்த்துத் துரத்துகிறவை இன்னொரு வகை. கிரேஹவுண்ட், விப்பெட், டீர்ஹவுண்ட், சலூக்கி எல்லாம் இரண்டாம் வகை. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கர்நாடகத்தின் முதோல் நாயும் இந்த வகைதான் என்பதால் அந்த உடற்கட்டைத் தமிழ் வாசகருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை: நீண்டு ஒடுங்கிய தலை, ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, மெலிந்து நீண்ட கால்கள். முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும். ஒரு முறை உடல் சுருங்கியிருக்கும்போது, ஒரு முறை முழுதாக நீண்டிருக்கும்போது. பந்தயத் தடத்தில் கிரேஹவுண்ட் 480 மீட்டரை 30 நொடிக்குள் கடக்கிறது. மற்ற நாய்களைவிட அதன் ரத்தத்தில் சிவப்பணு அடர்த்தி அதிகம், உடம்பின் அளவுக்கு இதயமும் பெரியது. ஆனால் இந்த உடம்பு குறுகிய, உச்ச வேகத்துக்கென்றே அமைந்தது. முள்வேலியிலும் கரடுமுரடான மண்ணிலும் அதன் மெல்லிய தோல் கிழியும், விரல் எலும்பு பிசகும். மழையும் குளிரும் ஆகாது. ஓடத் தொடங்கிவிட்டால் சொன்ன பேச்சும் காதில் ஏறாது.

இந்தக் குறைகளை நிரப்பத்தான் கலப்பு வந்தது. ஆடு மேய்க்கும் கோலி நாயைக் கிரேஹவுண்டோடு சேர்த்தால் குட்டிக்குக் கொஞ்சம் வேகம் குறையும். புத்தியும் பணிவும் தடித்த மயிரும் கூடும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் வளர்த்த பெட்லிங்டன் டெரியரை விப்பெட்டோடு சேர்த்தால் புதருக்குள் அஞ்சாமல் நுழையும் சிறிய நாய் கிடைக்கும். டீர்ஹவுண்ட் கலந்தால் உயரமும் முரட்டு மயிரும் வரும். அடுத்தவர் நிலத்தில் இரவில் களவாக வேட்டையாடிய ஏழைக்கு எந்த நாய் தேவைப்பட்டது என்று யோசித்தால் இந்தத் தேர்வுகள் புரியும். அந்த நாய் குரைக்கக் கூடாது. ஒரு சின்ன சைகைக்குப் படுக்க வேண்டும், வேட்டைக் காவலர் வந்தால் ஓசையின்றி ஒதுங்க வேண்டும். பிடித்த குழிமுயலைச் சிதைக்காமல் கவ்வி வந்து கையில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அது அன்றைய இரவுச் சாப்பாடு. இன்றும் விளக்கடித்து முயல் பிடிக்கும் லர்ச்சரிடம் இதே பண்புகளைப் பார்க்கலாம். காற்று வீசும் கருக்கிருட்டில் ஒளிக்கற்றை வயலைத் துழாவும். மேய்ந்துகொண்டிருக்கும் முயலின் கண் மின்னியதும் கயிறு நழுவும். நாய் வெளிச்சத்தின் வழியாகவே ஓடி, முயல் வேலியோரம் திரும்பும் இடத்தில் முன்கூட்டியே குறுக்கே போய்க் கவ்வும். பிறகு இருட்டில் வாயில் முயலோடு நேராக எசமானிடம் திரும்பி வரும். வேகம் மட்டும் உள்ள நாய்க்கு இந்த வேலையில் பாதிகூட வராது.

லர்ச்சர்காரர்கள் தங்கள் நாயைப் பற்றிப் பேசும்போது பின்னக் கணக்கில்தான் பேசுவார்கள். அரை கோலி, முக்கால் கிரேஹவுண்ட், அரைக்கால் பெட்லிங்டன் என்று போகும் அந்தப் பேச்சு. ஒரு துளி கூடினால் வேகம் போகும், ஒரு துளி குறைந்தால் புத்தி போகும் என்ற கவலை அதில் இருக்கும். எத்தனை பங்கு எந்த ரத்தம் என்பதை நிலமே முடிவு செய்கிறது. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் வயல்கள் சிறியவை, சுற்றிலும் புதர்வேலி. அங்கே முயல் வேலியை எட்டுவதற்குள் பிடித்தாக வேண்டும். சட்டென்று கிளம்பித் திரும்பும் சிறிய நாய் போதும். கிழக்கே கேம்பிரிட்ஜ்ஷயர், லிங்கன்ஷயர் பக்கம் போனால் நிலைமை வேறு. ஒருகாலத்தில் சதுப்பாக இருந்து, நீர் வடித்து விளைநிலமாக்கப்பட்ட ஃபென்ஸ் சமவெளி அது. கண்ணுக்கெட்டிய தூரம் வேலியே இல்லாத வயல், இடையிடையே வாய்க்கால். அங்கே ஓடுவது ஹேர் என்னும் காட்டுமுயல். நம் ஊர்க் காட்டுமுயலைப் போலவே அது வளை தோண்டாது. கால் பலத்தையே நம்பி வாழும். மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடவும், முழு வேகத்தில் சட்டென்று மடங்கித் திரும்பவும் அதனால் முடியும். அதன் பின்னால் கிரேஹவுண்டை விட்டால் முதல் திருப்பத்திலேயே நாய் தன் வேகத்தாலேயே தாண்டிப் போய்விடும். மறுபடி வந்து சேர்வதற்குள் முயல் தூரம் போயிருக்கும். இரண்டு மூன்று திருப்பங்களுக்குப் பிறகு கிரேஹவுண்டின் மூச்சு முடிந்துவிடும். முயலுக்கு இன்னும் மிச்சமிருக்கும்.

சலூக்கியின் தேவை எழுந்தது இந்த இடத்தில்தான். மத்தியக் கிழக்கின் பாலைவனங்களில் பெதூயின் அரபுகள் காலங்காலமாக வளர்த்த நாய் அது. கசல் மான்களையும் முயல்களையும் துரத்தப் பழக்கப்பட்டது, பல இடங்களில் வல்லூறோடு சேர்ந்து. சூட்டில் பாதம் வெந்துவிடக் கூடாது என்று வேட்டைக் களம் வரை ஒட்டகத்தின் மேல் ஏற்றிப் போவார்கள். பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை விலங்கு பிடித்ததை உண்ண இஸ்லாம் அனுமதிப்பதால், மற்ற நாய்களுக்குக் கிடைக்காத மரியாதையோடு இது கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்தது. 1895இல் ஃபுளோரன்ஸ் ஆம்ஹர்ஸ்ட் என்ற பெண்மணி இந்த நாய்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கினார். 1923இல் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. ஓட்டத் தொடக்கத்தில் சலூக்கி கிரேஹவுண்டுக்குப் பின்தங்கும். ஆனால் தூரம் கூடக் கூட அதன் கை ஓங்கும். விரல்களுக்கிடையே மயிர் அடர்ந்த நீண்ட பாதம், கடினமான தரையைத் தாங்கும். முயல் திரும்பும்போது தன் ஓட்டத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்துக்கொள்ளும் தந்திரமும் அதற்கு உண்டு. கிரேஹவுண்டின் வேகத்தோடு இந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி சேர்ந்த நாய் ஃபென்ஸ் சமவெளிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை போல அமைந்தது. அதற்கு ஒரு விலையும் உண்டு. சலூக்கி ரத்தம் கூடக் கூட நாய் தன் இஷ்டத்துக்கு நடக்கும், கூப்பிட்டால் வராது, பிடித்ததைக் கொண்டு வந்து கொடுக்காது. இரண்டு வயது ஆனாலும் முழு வளர்ச்சி எட்டியிருக்காது. பொறுமையில்லாதவர் கையில் அது படும் பாடு பெரிது.

ஒரே முயல், ஒரே நாய்க் குடும்பம் என்றாலும் கேட்கும் வேலை மாறினால் நாய் மாறுகிறது. லங்காஷயரின் ஆல்ட்கார் வயல்களில் 1836 முதல் 2005 வரை வாட்டர்லூ கோப்பை என்ற முயல் துரத்தும் போட்டி நடந்தது. முயலுக்கு 80 கஜம் போல இடம் விட்டு, இரண்டு கிரேஹவுண்டுகளை ஒரே நேரத்தில் அவிழ்த்து விடுவார்கள். எது முதலில் முயலை எட்டுகிறது, எது அதைத் திருப்புகிறது என்பதற்கு மதிப்பெண். முயலைக் கொன்றால்தான் வெற்றி என்ற விதி இல்லை. ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் அங்கே கிரேஹவுண்ட் போதுமானதாக இருந்தது. மாஸ்டர் மெக்ராத் என்ற நாய் அந்தக் கோப்பையை 1868, 1869, 1871 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்று நாடு முழுக்கப் புகழ் பெற்றது. சட்டத்துக்குப் புறம்பான இன்றைய பந்தயமோ வேறு மாதிரி. அறுவடை முடிந்த வயல்களில் அத்துமீறி வண்டியோடு புகுந்து, முயல் சாகும் வரை அல்லது நாய் விழும் வரை துரத்த விட்டு, அதைக் கைப்பேசியில் நேரலையாகக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள். ஒரே நாயை ஒரே நாளில் பல முயல்களின் பின்னால் விடுகிறார்கள். இந்தச் சூதாட்டத்துக்குத் தேவைப்படுவது தீராத மூச்சு. கீழ்ப்படிதலோ மென்மையான வாயோ அதற்கு வேண்டியதில்லை. சலூக்கி கலப்புக்கு இவர்களிடம் இவ்வளவு கிராக்கி இருப்பது அதனால்தான்.

வேலைக்காக ரத்தம் கலக்கலாம் என்ற வாதத்துக்கு முதல் மறுப்பு தூய இனக்காரர்களிடமிருந்து வரும். நூற்றாண்டுகளாகக் காத்த ரத்தத்தைக் கலப்பது அழிப்பதற்குச் சமம் என்பார்கள். ஆனால் அவர்கள் தூய்மையின் அடையாளமாகக் காட்டும் கிரேஹவுண்டே கலப்பில் தேறி வந்ததுதான். 1776இல் ஸ்வாஃபம் நகரில் முதல் துரத்தல் போட்டிச் சங்கத்தை நிறுவிய ஆர்ஃபர்ட் பிரபு, நெஞ்சுரம் வேண்டும் என்று தன் கிரேஹவுண்டுகளில் புல்டாக் ரத்தத்தைக் கலந்து, பிறகு பல தலைமுறை கிரேஹவுண்டோடே சேர்த்தார் என்பது அந்த இனத்தின் வரலாற்று நூல்களே சொல்லும் செய்தி. மூடிய பதிவேடு நோயையும் உள்ளே பூட்டி வைக்கும் என்பதற்கு டால்மேஷியன் சான்று. யூரிக் அமிலக் கோளாறு அந்த இனம் முழுவதிலும் ஊறிப்போனது. 1973இல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரே ஒரு முறை பாயிண்டர் நாயோடு சேர்த்து, பிறகு திரும்பத் திரும்ப டால்மேஷியனோடே சேர்த்துக் கோளாறில்லாத ஒரு வரிசையை உண்டாக்கினார். பார்வைக்கு அவை டால்மேஷியன்தான். அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றை ஏற்க 2011 வரை ஆனது. நாய்கள் துன்பப்பட்ட அத்தனை ஆண்டுகளுக்கும் புள்ளி விழுந்த தோலைவிடப் பெரிய நியாயம் எதுவும் சொல்லப்படவில்லை என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

அதற்காகக் கலப்பு எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்லிவிட முடியாது. லர்ச்சர் ஆர்வலர் பலர் சறுக்குவது இங்கேதான். கலப்பு வீரியம் முதல் தலைமுறையில்தான் முழுதாக இருக்கும். கலப்பையும் கலப்பையும் சேர்த்தால் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளே ஒன்று பாட்டனைப் போலவும் ஒன்று பாட்டியைப் போலவும் சிதறும். பெட்லிங்டனிடம் ஈரலில் செம்பு சேரும் பரம்பரை நோய் உண்டு. அது பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்பதால் முதல் கலப்பில் ஒளிந்திருக்கும். இரண்டு பெட்லிங்டன் கலப்புகளைச் சேர்த்தால் மீண்டும் தலைகாட்டலாம். கோலி நாய்களிடம் ஐவர்மெக்டின் போன்ற சில மருந்துகளை மூளைக்குள் போகவிடாமல் தடுக்கும் மரபணு பழுதாக இருப்பது சகஜம். அதைச் சுமந்து பிறந்த லர்ச்சருக்கு அதிக அளவில் அந்த மருந்தைப் போட்டால் நரம்பு பாதிக்கும், உயிரும் போகலாம். ஆகவே கலப்புக்குக் கணக்கு வேண்டும். தாத்தா யார், பாட்டி யார், எந்தக் குட்டி எதில் தேறியது என்பதை எழுதி வைக்காமல் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பவர் வளர்ப்பாளர் ஆகமாட்டார். தேவைக்கு மேல் குட்டி போட்டு, ஓடாததைச் சாலையோரம் விட்டுப் போகிறவர்களால்தான் பிரிட்டனின் நாய்க் காப்பகங்களில் லர்ச்சரும் சலூக்கி கலப்பும் இவ்வளவு காணப்படுகின்றன. கலப்பைப் பற்றிய குறைகளில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இதுதான். இதற்குச் சமாதானம் கிடையாது, குட்டி போடுவதைக் குறைப்பது ஒன்றே வழி.

இரண்டாவது மறுப்பு கொடுமையைப் பற்றியது. முயல் வேட்டையின் ஒரு பகுதியில் அந்த மறுப்பு முற்றிலும் சரி. ஸ்காட்லாந்து 2002இலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் நாய் விட்டுப் பாலூட்டிகளை வேட்டையாடுவதைத் தடை செய்தன. பின்னது 2005 பிப்ரவரி 18இல் நடைமுறைக்கு வந்தது. 2022இல் வந்த காவல் துறைச் சட்டம் காட்டுமுயல் துரத்தலுக்கு வரம்பில்லாத அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் வைத்தது. பிடிபட்ட நாய்களைப் பராமரித்த செலவைக் குற்றவாளியிடமே வசூலிக்கவும், இனி நாய் வளர்க்கக் கூடாது என்று தடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. இந்தச் சட்டங்கள் நாட்டுப்புற மக்களின் வழக்கத்தைப் பறித்துவிட்டன என்று வாதிடுவோர் நாயின் உடம்பைக் கவனிப்பதில்லை. எல்லை மீறி ஓட வைத்த நாய்க்குத் தசை நார்கள் சிதையும். சிதைந்தவை ரத்தத்தில் கலந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகும், சிறுநீரகம் செயலிழக்கும். நாய் ஓடிக் களைத்து நிற்பதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாதவர் கையில், அல்லது தெரிந்தும் பந்தயப் பணத்துக்காக மறைப்பவர் கையில், முயலோடு சேர்ந்து நாயும் பலியாகிறது. இந்தத் தடை நீடிக்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

குழிமுயல் விஷயம் வேறு. இங்கிலாந்துச் சட்டமே நிலத்துக்காரரின் அனுமதியோடு நாய் விட்டுக் குழிமுயலையும் எலியையும் பிடிக்க இடம் வைத்திருக்கிறது. 1953இல் பிரிட்டனுக்குள் வந்த மிக்சோமடோசிஸ் என்ற கொள்ளைநோய் சில ஆண்டுகளில் அங்கிருந்த குழிமுயல்களில் ஏறக்குறைய 99 சதவீதத்தைக் கொன்றது. பிறகு எதிர்ப்புச் சக்தி பெற்ற முயல்கள் பெருகிப் பயிரை மேயத் தொடங்கின. அவற்றைக் குறைக்க மீதமுள்ள வழிகள் வளைக்குள் விஷவாயு, கண்ணி, துப்பாக்கி. தேர்ந்த லர்ச்சர் கவ்வினால் நொடியில் முடிந்துவிடுகிறது. முயல் சமையலுக்கும் போகிறது. விஷவாயுவில் மூச்சுத் திணறிச் சாவதைவிட இது மோசம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. தேறாத நாய் இழுத்தடித்து வதைக்கும் என்பதால், நாயை வேலையில் சோதித்துத் தேர்ந்தெடுப்பது முயலின் பக்கமிருந்து பார்த்தாலும் அவசியம்.

வேட்டை இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட நாயை எப்படித்தான் காப்பது? இந்தக் கேள்வி நம் ஊருக்கும் பொருந்தும். இந்தியாவில் இந்தக் கலப்பு புதிதும் இல்லை. சலூக்கியின் உறவான ஆப்கானியத் தாஸி நாயையும் ஆங்கிலேய கிரேஹவுண்டையும் சேர்த்து ராம்பூர் நவாப் அகமது அலி கான் உருவாக்கியது ராம்பூர் நாய் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே நாய் விட்டு முயல் பிடிப்பது குற்றம். அது சரியான சட்டம். ஆனால் அந்த வேலை நின்றதும் கரிசல் காட்டு நாய்களிடம் நாம் கேட்பது நிறமும் உயரமும் கண்காட்சிப் பரிசும் மட்டுமே என்று ஆகிக்கொண்டிருக்கிறது. கருப்பில் செவலைப் புள்ளி இருந்தால் கன்னி, மற்ற நிறம் என்றால் சிப்பிப்பாறை என்று நிறத்தை வைத்தே பேசி முடிக்கிறோம். தோலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், இதயமும் பாதமும் வெயில் தாங்கும் சக்தியும் யார் கண்ணிலும் படாமல் தேய்ந்துபோகும். ஐரோப்பாவில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. வயலில் கப்பி வைத்துக் கயிற்றில் இழுக்கப்படும் துணிப் பொம்மையைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டு நாய்களைத் துரத்த வைக்கிறார்கள். வேகம், திருப்பம், தாக்குப்பிடித்தல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் தருகிறார்கள். துணிப் பொம்மை முயலைப் போல யோசிக்காது, நாயின் புத்தியை அது முழுதாகச் சோதிக்காது என்ற குறை உண்மைதான். ஆனால் உடம்பைச் சோதிக்க அது போதும், எந்த உயிரும் போவதில்லை. கோவில்பட்டி, ராஜபாளையம் பக்கத்து வளர்ப்பாளர்கள் ஒரு கரிசல் தரிசில் இப்படி ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டம் வைத்து, எந்தத் தாயின் எந்தக் குட்டி எப்படி ஓடியது என்று எழுதி வைத்தாலே கண்காட்சிக் கோப்பைகளைவிடப் பெரிய காரியம் நடந்துவிடும்.

சிப்பிப்பாறைக் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறத்தைக் கேட்கும் முன் தாய் நாயைத் திறந்த வெளியில் ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓடி வந்த பிறகு அதன் பாதத்தைத் தூக்கிப் பாருங்கள், மூச்சு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கவனியுங்கள். கிரேஹவுண்ட் கலந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்பவரிடம் வாங்குங்கள். நாள்தோறும் அதை ஓட்டிப் பழக்க இடமும் நேரமும் இல்லையென்றால் வாங்காதீர்கள். காட்டுமுயலின் பின்னால் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.